மூன்றாம் நாளில் எழுதாதது

இறந்துபோன மனிதருக்குத் தங்கவேலு மேஸ்திரி சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிணத்தைச் சட்டையோடு குளிப்பாட்டுவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்பதற்கு அந்த அறையில் ஆள் இல்லை. சபாபதியின் மனைவி தைலம்மாள் மட்டும் பலகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து ராத்திரி தூங்காதவள். அழ வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

"கழுத்துப் பொத்தானையும் போட்டுடறேம்மா," என்றார் மேஸ்திரி. "இடது கையை மட்டும் யாரும் தூக்காம நான் பாத்துக்கறேன்."

தைலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இடது கையைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஒருத்தர் சொல்லணுமா? கீழ அரிசிக் கிட்டங்கியில எட்டு நாளா எலி விழுது. காளியம்மாதான் கூட்டி அள்ளி ஆத்துல போடுது. நாந்தான் போடச் சொன்னேன்." கடைசிப் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. அவர் விரல்கள் மூட்டை தூக்கிப் பழகியவை. "இப்ப ஆபீஸ்லேர்ந்து ரெங்கசாமி சாவுப் புஸ்தகத்தோட வருவான். காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். இந்த வீட்டுல இருபத்தாறு பேரு இருக்கோம். பிளேக் வீடுன்னு ஆச்சுன்னா துறைமுகத்துப் பக்கம் ஒருத்தனையும் அண்ட விடமாட்டான். ஐயாவும் அதைத்தான் நெனச்சிருப்பாரு."

ஐயா அதைத்தான் நினைத்தார். தைலம்மாளுக்கு அது மேஸ்திரியைவிட நன்றாகத் தெரியும்.

சபாபதி முனிசிபாலிட்டியில் சாவு எழுதுகிற குமாஸ்தா. பர்மாவுக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் நிறைந்த அலோன் வட்டாரத்தில் யார் இறந்தாலும் வீட்டுக்காரர்கள் அவரிடம் வந்து பெயர், வயது, தொழில், இறந்த காரணம் எல்லாம் சொல்லிச் சீட்டு வாங்கிய பிறகுதான் எரிக்கவோ புதைக்கவோ போகலாம். பதினாலு வருஷம் எழுதினார். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது, அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் காரணம் என்ற கட்டத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு 'ஃபீவர்' என்றுதான் இருக்கும். வந்தவர்கள் காய்ச்சல் என்றார்கள், அவர் எழுதினார். ஆற்றில் முங்கிச் செத்தவனைத் தவிர மற்ற எல்லாருக்கும் சாகும்போது உடம்பு சுடத்தானே செய்யும் என்று வீட்டில் வந்து சிரிப்பார்.

ஒரே ஒரு தடவை, வந்தவர்கள் சொன்னதை எழுதாமல் அவரே நேரே போய்ப் பார்த்து எழுதினார். மூன்று வருஷத்துக்கு முன்னால், பின் தெருவில். பிளேக் என்று எழுதினார். மறுநாள் காலையில் சுகாதார ஆட்கள் வந்து கூரையைப் பிரித்தார்கள், பாய் தலையணைகளைக் கொளுத்தினார்கள், கந்தகப் புகை போட்டார்கள். முப்பது பேர் சட்டி பானையோடு தெருவில் நின்றார்கள். கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி மண்ணை வாரி அவர் முகத்தில் தூற்றினாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. மீசையில் மண் இருந்தது, அதைத் தட்டிவிடவும் இல்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்.

அந்த வருஷம்தான் தெருவோரக் கடையில் அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கிவந்தார். கிரேக்க தேசத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்கள் அறிவு என்றால் என்ன, ஒரு விஷயம் தெரியும் என்று எப்போது சொல்லலாம் என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்ட கதை. கிரேக்க தேசம் மூல்மீன் துறைமுகத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுகூடத் தைலம்மாளுக்குத் தெரியாது. ஆனாலும் சாயங்காலம் முருங்கைக்கீரை உருவும் நேரத்தில் அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"ஒண்ணு இருக்குன்னு தெரியறது வேற தைலம். அது ஏன் இருக்குன்னு தெரியறது வேற. ரெண்டாவதுதான் அறிவுங்கறான்."

"எவன்?"

"கிரேக்கக்காரன்."

"அவனுக்குச் சோத்துக்கு யாரு உழைச்சா?"

அதற்கும் புத்தகத்தில் பதில் இருக்கிறதா என்று தேடக்கூடிய மனிதர் அவர். அதிலே வைத்தியர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது, அந்தத் தாள்கள் மட்டும் கை பட்டுப் பழுப்பேறிப் போயிருந்தன. வலிப்பு வந்தால் சாமி குற்றம் என்று ஊரே சொன்ன காலத்தில், இதுவும் மற்ற வியாதி மாதிரி ஒரு வியாதிதான், இதற்கும் ஒரு காரணம் உண்டு, நமக்குத் தெரியாததால் சாமி தலையில் போடுகிறோம் என்று ஒருவர் எழுதிவைத்தாராம். அவர்கள் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து முதல் நாள் இப்படி, இரண்டாம் நாள் இப்படி என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவார்களாம். வியாதிக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்கமாட்டார்கள். அப்படி எழுதப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் செத்துத்தான் போனார்கள். அதையும் ஒளிக்காமல் எழுதினார்கள்.

"பொழைக்க வைக்கத் தெரியாதவங்களுக்கு எழுத்து எதுக்காம்?" என்று தைலம்மாள் கேட்டாள்.

"அடுத்தவன் பொழைக்கறதுக்கு," என்றார் சபாபதி.

இன்னொரு நாள் இருவரும் ஆற்றுக்கு அக்கரையிலிருந்த சிரியத்துக்குச் சம்பான் படகில் போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குள் துடுப்பு முறிந்த மாதிரி தெரிந்தது. "கண்ணால பாத்ததை எழுதுங்கறீங்களே, கண்ணே பொய் சொன்னா?" என்று அவள் கேட்டாள். அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் பர்மாக்காரப் படகோட்டி திரும்பிப் பார்த்தான்.

"இதையேதான் அவங்களும் கேட்டாங்க! இதே துடுப்பைத்தான்!"

"என்ன பதில் சொன்னாங்க?"

"கையை விட்டுத் தொட்டுப் பாரு. மறுபடியும் பாரு. பக்கத்துல இருக்கறவனையும் பாக்கச் சொல்லு. ஆனா எங்கயாவது ஒரு எடத்துல எதையாவது நம்பித்தான் ஆரம்பிக்கணும் தைலம். அந்த எடத்துக்கு அத்தாட்சி கேட்டா யாராலயும் குடுக்க முடியாது."

அவள் தண்ணீருக்குள் கையை விட்டுத் துடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். முறியவில்லை. அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

போன வாரம் குளிர் கண்டதும் அவர் கேட்டது கஷாயத்தை அல்ல, நோட்டுப் புத்தகத்தை. தாம் சொல்லச் சொல்ல அவளை எழுத வைத்தார். முதல் நாள்: குளிர். பல் கிட்டியது. நெற்றியில் வலி. மாலையில் சூடு. இரண்டாம் நாள்: கண் சிவப்பு. நாக்கில் வெள்ளை. குடித்த தண்ணீர் தங்கவில்லை. நடந்தால் குடித்தவன் மாதிரி தள்ளாட்டம். அதைச் சொல்லும்போது அவருக்கு ஓர் உற்சாகம்கூட இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வெந்நீரில் துணி நனைத்துத் துடைக்கும்போது அவர் இடது கையைத் தூக்கினாள். அவர் அலறிவிட்டார். கக்கத்தில் நெறி கட்டியிருந்தது, கொட்டைப்பாக்கு அளவுக்கு. அவள் துணியை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"அதை எழுதாத."

"பாத்ததை எழுதுன்னு நீங்கதான்…"

"அது பாத்தது இல்ல. அது வியாதியோட பேரு. பேரை எழுதக்கூடாது."

"வீக்கம் எப்படிங்க பேராகும்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் அவள் அவரிடம் ஜெயித்த முதல் வாதம் அது. சுவரைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"தெருவுல நிப்பாங்க தைலம். குழந்தை குட்டியோட."

மூன்றாம் நாள் என்பதற்குக் கீழே, 'காலையில் இரண்டு வாய் கஞ்சி' என்று மட்டும் எழுதி அவள் நோட்டை மூடினாள். டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றபோதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டார். நாலாம் நாள் பிடிக்க அவர் கையில் பலம் இல்லை, இருந்தும் அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இப்போது சுவரில் சாய்ந்துகொண்டு யோசித்தாள். இந்த ஏனுக்கு அவரிடம் பதில் கேட்க முடியாது.

கீழே முற்றத்தில் பெஞ்சுப் பலகை போட்டாகிவிட்டது. மேஸ்திரியும் இன்னும் மூன்று பேரும் அவரைத் தூக்கிவந்து கிடத்தினார்கள். முழுச் சட்டை, கழுத்துவரை பொத்தான். ஆபீசுக்குக் கிளம்பியவர் களைத்துப் படுத்துவிட்ட மாதிரி இருந்தார். ரெங்கசாமி வந்து ஓரமாக நின்றான். சபாபதிக்குக் கீழே ஆறு வருஷம் வேலை பார்த்தவன். ஆபீசுக்கு வந்து எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மனசு வராமல் புத்தகத்தையே இங்கே தூக்கி வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. கிட்டங்கிச் சுவரில் புத்தகத்தை வைத்து, தெரிந்த கட்டங்களைத் தானே எழுத ஆரம்பித்தான்.

எண்ணெய் வைக்க வரிசை நின்றது. வீட்டிலிருந்த அத்தனை பேரும் நின்றார்கள். கிண்ணத்து எண்ணெயைப் புறங்கையால் தொட்டு இறந்தவர் தலையில் மூன்று தரம் வைக்க வேண்டும், பிறகு சீயக்காய், பிறகு தண்ணீர். கிளார்க்கய்யாவுக்கு எண்ணெய் வைக்காமல் யார்தான் இருப்பார்கள்? எத்தனை பேருக்கு ஊருக்குக் கடிதாசி எழுதிக் கொடுத்தவர்.

முதலில் நின்றவள் காளியம்மா. இடுப்பில் அவள் மகள் செல்லக்கண்ணு, இரண்டரை வயசு. தினமும் சபாபதியின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குகிற குழந்தை. கிட்டே வந்ததும் பழக்கத்தில் இரண்டு கையையும் அவர் முகத்துப் பக்கம் நீட்டித் தாவியது.

தைலம்மாள் குழந்தையின் காலைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். குழந்தை மற்றக் காலால் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. எலி செத்தால் அதன் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி அடுத்து மனிதனைத் தேடி வரும் என்று முனிசிபாலிட்டி நோட்டீஸை அவர் படித்துக் காட்டியிருக்கிறார். காளியம்மாவும் குழந்தையும் படுப்பது கிட்டங்கிக்கு அடுத்த அறை.

"தொடாத காளியம்மா," என்றாள் தைலம்மாள்.

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. எழுந்து பெஞ்சுக்கிட்டே போனாள். மேஸ்திரி, "அம்மா, வேணாம்," என்றார் தாழ்ந்த குரலில். அவள் கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். மேஸ்திரி சிரமப்பட்டுப் போட்ட பொத்தான்கள் அவளுக்கு ஒவ்வொன்றாகச் சுலபமாகக் கழன்றுவந்தன. எத்தனை வருஷமாகப் போட்டுக் கழற்றித் துவைத்த சட்டை! சட்டையை விலக்கி, இடது கையைக் கொஞ்சம் அகட்டிப் பிடித்தாள். நெறி இப்போது கறுத்திருந்தது.

"கிட்ட வராம பாருங்க. எல்லாரும் பாருங்க. மூணாம் நாளே நான் பாத்துட்டேன். சொல்லல."

வெளியே டிராம் மணி கேட்டது. யாரோ எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தார்கள், அது ஆடிக் கவிழ்ந்து எண்ணெய் மண்ணில் ஓடியது.

"ஐயா ஆசைப்பட்டது இது இல்லம்மா," என்றார் மேஸ்திரி.

"தெரியும். எங்கிட்டதானே சொன்னாரு."

வரிசை கலைந்தது. அம்மாக்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு அறைகளுக்கு ஓடினார்கள். ஓடிப்போய் என்ன செய்ய என்று தெரியாமல் திரும்ப முற்றத்துக்கே வந்தார்கள். காளியம்மா மட்டும் நின்ற இடத்தில் நின்றாள்.

"எங்களைத் தெருவுல நிறுத்திட்டியேக்கா. ஒனக்குன்னு ஒரு புள்ள இருந்தா இப்படிப் பண்ணியிருப்பியா?"

தைலம்மாளுக்கு அது உள்ளே போய்த் தைத்தது. சட்டையின் இரு ஓரங்களையும் சேர்த்து அவர் மார்பை மூடினாள்.

ரெங்கசாமி பேனாவைப் பிடித்தபடி நின்றான். "அக்கா, நான் எழுதிட்டேன். காரணம் கட்டத்துல. கேக்காமலே எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"ஃபீவர்னு."

"அடிச்சுட்டு எழுது."

"ஸார் புஸ்தகத்துல அடித்தலே கெடையாதுக்கா. பதினாலு வருஷமா."

"அடி ரெங்கசாமி. பக்கத்துல ஒன் கையெழுத்தையும் போடு."

அவன் ஒரு கோடு இழுத்தான். கோடு வளைந்துவிட்டது. மேலே புதிய வார்த்தையை எழுதி, மை காய்வதற்காக ஊதினான். ஊதும்போது அழுதான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சபாபதி சொன்னபடியே நடந்தது. பத்து மணிக்குச் சுகாதார ஆட்கள் வந்தார்கள். கூரை பிரிந்தது, பாய் எரிந்தது, கந்தகப் புகை எழுந்தது. பாடை கட்ட வந்தவர்கள் மூங்கிலைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முனிசிபாலிட்டி வண்டியில் ஏற்றுவதற்கும் ஆள் இல்லை. கடைசியில் ரெங்கசாமி தலைப்பக்கம் பிடித்தான், மேஸ்திரி கால்பக்கம் பிடித்தார். மேஸ்திரி அவளைப் பார்க்கவே இல்லை. வண்டி நகர்ந்தபோது கூடவே நடந்தார். தைலம்மாள் நெற்றிக் குங்குமத்தை அழிக்கவும் வளையலைக் கழற்றவும் ஒருத்தியும் அவள் கிட்டே வரவில்லை. தெருமுனையில் வண்டி திரும்பும்வரை அவள் சுமங்கலிக் கோலத்திலேயே நின்று பார்த்தாள்.

வீட்டிலிருந்த மற்றவர்கள் எல்லாரையும் ஊருக்கு வெளியே மைதானத்து மூங்கில் கொட்டகைகளுக்குக் கொண்டுபோனார்கள். எல்லாருக்கும் புஜத்தில் ஊசி. ஊசி போட்ட டாக்டர் தைலம்மாளின் மடியிலிருந்த நோட்டை வாங்கிப் புகையில் காட்டச் சொல்லிவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போது புரட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தேதிகள் மட்டும் தெரிந்தன. ஊசியால் இன்று ராத்திரி காய்ச்சல் வரும், கை வீங்கும், பயப்பட வேண்டாம் என்று, தமிழில் எடுத்துச் சொல்ல நின்ற துபாஷியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் சாயும் நேரத்தில் ரெங்கசாமி ஈரத்தலையோடு வந்தான். "முடிஞ்சதுக்கா," என்றான். "மேஸ்திரிதான் கொள்ளி வெச்சாரு. நாங் கேக்கல, அவராவே வெச்சாரு." கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவனும் ஊசி போட்டுக்கொள்ளப் போனான். கொட்டகையில் அவளைச் சுற்றி நாலு பாய் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அவள் படுத்தாள். படுத்தால் தூக்கம் வந்துவிடும் என்று நினைத்தாள். நோட்டிலிருந்து வந்த கந்தக நெடிதான் வந்தது.

தலைமாட்டில் யாரோ வந்து நின்றார்கள். காளியம்மா. தோளில் செல்லக்கண்ணு தலை தொங்கக் கிடந்தது.

"ஒடம்பு சுடுது," என்றாள் காளியம்மா. அக்கா என்று சொல்லவில்லை.

தைலம்மாள் எழுந்து உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினாள். நெற்றியைத் தொட்டாள். நாக்கை நீட்டச் சொன்னாள், கண்ணைப் பார்த்தாள். ஊசி போட்ட புஜம் தடித்திருந்தது. இரண்டு கக்கத்திலும் விரல் வைத்துப் பார்த்தாள். தொடையிடுக்கிலும் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். காளியம்மாவின் கையைப் பிடித்து அவளையும் அந்தந்த இடத்தில் தொட்டுப் பார்க்க வைத்தாள்.

பிறகு நோட்டைத் திறந்து புதிய தாளில் பென்சிலால் எழுதினாள். காளியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதுற?"

"'செல்லக்கண்ணு. முதல் நாள், சாயங்காலம். உடம்பு சூடு. நாக்கு சுத்தம். ஊசி போட்ட கை தடிப்பு. கக்கத்தில் ஒன்றும் இல்லை, தொடையில் ஒன்றும் இல்லை.'"

"அப்ப இது ஊசிக் காய்ச்சலா? இல்ல, அதா?"

"தெரியல."

காளியம்மா முந்தானையைத் தரையில் விரித்து, குழந்தையை வாங்கிப் படுக்கவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மைதானத்தில் யாரோ அடுப்பு மூட்டினார்கள்.

தைலம்மாள் தாளில் கீழே இரண்டாம் நாள் என்று எழுதி நாலு வரி விட்டாள். மூன்றாம் நாள் என்று எழுதினாள். அதற்குக் கீழே மிச்சமிருந்த தாள் முழுவதையும் விட்டுவிட்டுப் பென்சிலை வைத்தாள்.